கல்லைப் பிடித்தால் கணக்கு வரும்: தூத்துக்குடிக் கடல் நடத்தும் இயற்பியல் வகுப்பு!

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில், இயற்பியல் புத்தகத்தைத் திறந்தாலே ஒரு பெருமூச்சு கேட்கும். பாடத்தை எப்படியோ படித்துவிடுகிறார்கள். கணக்கு வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. ‘‘இதுக்கு எந்தச் சூத்திரத்தைப் போடணும்?’’ என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, தூத்துக்குடிக் கடலுக்குப் போய் வருவோம்.

ஒரு நிமிட மூச்சு

மன்னார் வளைகுடாவில் பல நூற்றாண்டுகளாக முத்துக் குளித்தவர்களிடம் ஆக்ஸிஜன் சிலிண்டர் கிடையாது. கயிற்றில் கட்டிய கனமான கல்லைக் காலால் பற்றிக்கொண்டு கடலடிக்கு இறங்குவார்கள். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிட்டுச் சிப்பி சேகரிப்பார்கள். தோணியில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். இத்தனைக்கும் கையிருப்பு ஏறத்தாழ ஒரு நிமிட மூச்சுதான். 1961-ல் நடந்த முத்துக்குளிப்போடு அந்தத் தொழில் இங்கே நின்றுபோனது.

ஏன் கல்? மனித உடல் கடல்நீரில் கிட்டத்தட்ட மிதக்கும். கல் இல்லாவிட்டால் கை கால் அடித்துத்தான் கீழே போக வேண்டும். பாதி மூச்சு வழியிலேயே தீர்ந்துவிடும்.

கல் 15 கிலோ, ஆழம் 18 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மிதப்பு விசை போக, நீருக்குள் அந்தக் கல் சுமார் 9 கிலோ கனம்தான் காட்டும். அது 18 மீட்டர் இறங்கும்போது கிடைக்கும் ஆற்றல் 9 × 9.8 × 18, அதாவது சுமார் 1,590 ஜூல்.

அது எங்கே போனது? 15 விநாடியில் அடியைத் தொட்டால் வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர். ஆள் 60 கிலோ, கல் 15 கிலோ, மொத்தம் 75 கிலோ. இயக்க ஆற்றல் ½ × 75 × 1.2 × 1.2 = 54 ஜூல்தான்! மீதி 1,500 ஜூலுக்கு மேல் நீரின் தடையோடு மல்லுக்கட்டியே செலவாகிவிட்டது.

பழக்க தோஷத்தில் ‘தடையைப் புறக்கணிக்க’ என்று எழுதி, காற்றில் விழும் கல்லுக்கான சூத்திரத்தைப் போட்டால் என்ன ஆகும்? 18 மீட்டர் ஆழத்தை 2 விநாடிக்குள் தொட்டுவிடுவார், அதுவும் மணிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில்! சூத்திரம் சரிதான், போட்ட இடம்தான் தப்பு.

கல்லைத் திரும்ப மேலே தூக்கக் குறைந்தது அதே 1,590 ஜூல் வேண்டும். கீழே இருப்பவர் மிச்சம் பிடித்த மூச்சுக்கு, மேலே இருப்பவரின் தோள்தான் விலை கொடுக்கிறது. ஆற்றல் அழிவதில்லை, யாரோ ஒருவர் கணக்கில் ஏறிவிடுகிறது. குளிப்பவரின் உயிர்க்கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வதுண்டு. தங்கையின் வாழ்க்கை அந்தக் கயிற்றில் தொங்கும்போது கை தளருமா என்ன?

ஆமை வேகக் கப்பல்

அடுத்தது, இன்று வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம். பெரிய கப்பல் தளத்தை நெருங்கும்போது நகர்கிறதா என்றே சந்தேகம் வரும். அவ்வளவு மெதுவாக ஏன் வர வேண்டும்?

50,000 டன் கப்பல் விநாடிக்கு வெறும் 10 சென்டிமீட்டர் நகர்வதாகக் கொள்வோம். இயக்க ஆற்றல் ½ × 5,00,00,000 × 0.1 × 0.1 = 2,50,000 ஜூல். ஒரு டன் கார் மணிக்கு 80 கிலோமீட்டரில் மோதுவதற்குச் சமம்! வேகம் 20 சென்டிமீட்டர் ஆனால் ஆற்றல் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. வேகத்தை வேகத்தாலேயே பெருக்குகிறோம் அல்லவா? பைக்கை முறுக்கும் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான்.

தளத்தின் ஓரத்தில் தடித்த ரப்பர் தடுப்புகள் இருக்கும். அவை 50 சென்டிமீட்டர் அமுங்கிக் கப்பலை நிறுத்தினால் சராசரி விசை சுமார் 51 டன் கனம். 5 சென்டிமீட்டரிலேயே நிறுத்த நேர்ந்தால் 510 டன்! கப்பலோடு சேர்ந்து நகரும் நீரையும் கணக்கில் எடுத்தால் இன்னும் கூடும். கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுப்பதும் இதற்காகத்தான்.

பேனா நின்றுவிட்டால்...

* முதலில் படம் போடுங்கள். எது நகர்கிறது, எது தடுக்கிறது என்று குறியுங்கள்.
* தெரிந்ததை அலகோடு எழுதுங்கள். டன்னைக் கிலோவாகவும் சென்டிமீட்டரை மீட்டராகவும் மாற்றுங்கள்.
* ‘ஆற்றல் முதலில் யாரிடம் இருந்தது, கடைசியில் யாரிடம் போனது?’ என்று கேளுங்கள். சூத்திரம் தானாக வரும்.
* விடை வந்ததும், ‘இது நடக்குமா?’ என்று ஒருமுறை யோசியுங்கள்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு மதிப்பெண் தனியாகக் கிடையாது. ஆனால், கல்லைப் பிடித்துக் கடலில் குதித்தவர்கள் ஒவ்வொரு முறையும் முதலில் போட்டுப் பார்த்தது அந்தக் கணக்கைத்தான்.