மண்ணும் மரமும் எழுதிய மழைக் கணக்கு

மழை பொய்த்த ஆண்டுகளில் நம் சங்கங்களின் பொதுக்கூட்டங்களில் தவறாது எழும் கோரிக்கை ஒன்று உண்டு. “இத்தகைய வறட்சி எவரும் கண்டறியாதது, ஆகவே கடன் தவணையை நீட்டித் தரவேண்டும்” என்பதே அது. கோரிக்கை நியாயமானதாகவே இருக்கலாம். ஆயினும் அவ்வறட்சி உண்மையில் கண்டறியாததுதானா, அன்றிச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தே தீருவதா என்ற வினாவுக்கு விடை கூறுவார் எவருமிலர். மூத்த அங்கத்தினர் ஒருவரின் நினைவு ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு மேற்செல்லாது. தேயிலைச் செடியோ அதனினும் நெடுங்காலம் வாழ்வது. இன்று நடும் செடியின் பலனைப் பேரப்பிள்ளைகள் கொய்வர். நினைவுக்கு எட்டும் காலத்தைவிட நீண்ட காலத்துக்கு நாம் திட்டமிடுகிறோம். எனவே நினைவைவிட நீண்டதொரு கணக்கு நமக்குத் தேவை.

கருவி கொண்டு அளந்த மழைக் கணக்கு நம் நாட்டில் மிகப் பழமையானதன்று. சென்னை நகரில் 1813 முதல் மழை அளவு பதிவாகியுள்ளது. இந்திய வானிலைத் துறை 1875இல் தோன்றியது. இவற்றுக்கு முன் பெய்த மழையை எவர் அளந்தார்? மனிதர் அளக்கவில்லை, மரங்களும் சதுப்பு நிலங்களும் அளந்து வைத்துள்ளன. அவற்றின் ஏடுகளைப் படிக்கும் முறையை விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர். அவ்வேடுகளுள் ஒன்று நம் நீலகிரியிலேயே கிடைத்தது என்பது நம் அங்கத்தினர் பலர் அறியாத செய்தி.

மரத்தின் ஏடு

வெட்டிய மரத்தின் குறுக்குப் பரப்பில் வட்டத்துள் வட்டமாகக் கோடுகள் தோன்றுவதைக் காணலாம். குளிர் நாடுகளில் வசந்தத்தில் மரம் விரைந்து வளருங்கால் இளநிறக் கட்டையும், பருவம் முடியுங்கால் அடர்ந்த கருநிறக் கட்டையும் உண்டாகின்றன. இரண்டும் சேர்ந்தது ஓர் ஆண்டு வளையம். நீரும் வெப்பமும் போதிய அளவில் கிடைத்த ஆண்டில் வளையம் அகன்றிருக்கும். கிடைக்காத ஆண்டில் குறுகியிருக்கும். அமெரிக்க வானநூல் அறிஞர் ஏ. இ. டக்ளஸ் இவ்வாராய்ச்சியை ஒரு தனித்துறையாக வளர்த்தார். அதற்கெனவே 1937இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடமும் அமைந்தது.

நம் போன்ற வெப்ப நாடுகளில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கடுங்குளிர் வந்து வளர்ச்சியை நிறுத்தாமையால் பெரும்பாலான மரங்களில் வளையம் தெளிவாக அமைவதில்லை. இதற்கு விலக்கான மரங்களுள் தலையாயது தேக்கு. கோடையில் தேக்கு இலையுதிர்த்து வளர்ச்சியை நிறுத்துகிறது. மழை வந்து புதுத் தளிர் விடும்போது பெரிய துளைகள் நிறைந்த கட்டையைத் தோற்றுவிக்கிறது. இத்துளைகளின் வரிசையே ஆண்டின் தொடக்கத்தைக் காட்டும் கோடாகும்.

வளையங்களைக் காண மரத்தை வெட்டவேண்டுவதில்லை. உட்குழிவான துளைக்கருவி ஒன்றைப் பட்டையிலிருந்து நடுவயிரம் நோக்கித் திருகிச் செலுத்தி, பென்சிலைப் போன்ற மெல்லிய துண்டு ஒன்றை எடுக்கின்றனர். பட்டையை ஒட்டிய வளையம் இவ்வாண்டினது; அதற்கு உள்ளே இருப்பது சென்ற ஆண்டினது. இவ்வாறே பின்னோக்கி எண்ணிச் செல்லலாம்.

ஏடுகளை ஒத்துப் பார்த்தல்

ஒரே மரத்தை நம்பி முடிவு கூறலாமா? கூடாது. ரொக்கப் புத்தகத்தை மட்டும் பார்த்துச் சங்கத்தின் நிலையைக் கூறும் தணிக்கையாளர் உண்டோ? கடும் வறட்சியில் சில மரங்கள் வளையமே இடாமல் ஓராண்டை விட்டுவிடும். மழை இடையில் நின்று மீண்டும் பெய்தால் ஓராண்டில் இரு வளையங்கள் இடும் மரங்களும் உண்டு. முன்னது விடுபட்ட பதிவு. பின்னது இரட்டைப் பதிவு. ஆகவே பல மரங்களின் வளையங்களை அருகருகே வைத்து, அகன்றவையும் குறுகியவையும் ஒரே வரிசையில் வருகின்றனவா என்று ஒப்பிடுகின்றனர். ரொக்கப் புத்தகத்தையும் பேரேட்டையும் இரசீதுகளையும் ஒத்துப் பார்த்து விடுபட்ட பதிவைக் கண்டுபிடிப்பது போன்றதே இம்முறை. இளமரம் இயல்பாகவே அகன்ற வளையமும், முதிர்ந்த மரம் குறுகிய வளையமும் இடும். அவ்வேறுபாட்டையும் கணக்கிட்டு நீக்கிய பின்னரே மழை அளவோடு ஒப்பிடுகின்றனர்.

தேக்கு கூறும் செய்தி

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் அறிஞர் எச். பி. போர்காவுங்கர் முதலியோர் கேரளக் காடுகளின் தேக்கு மரங்களை இம்முறையில் ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுகளுக்கு இடைவிடாத கணக்கு அவர்களுக்குக் கிட்டியது. நீலகிரியின் மேற்கடிவாரமான நிலம்பூரில் புகழ்பெற்ற தேக்குத் தோட்டம் 1840களில் நடப்பட்டது. அதனினும் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேல் முற்பட்ட காலத்துக்கு இக்கணக்கு செல்கிறது.

தென்மேற்குப் பருவமழை குறைந்த ஆண்டுகள் பலவற்றில் வளையங்களும் குறுகியிருப்பதை அவர்கள் கண்டனர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் இவ்வாண்டுகளுட் பல ‘எல் நினோ’ ஆண்டுகளாகவும் இருந்தன. தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் கரையை ஒட்டிய பசிபிக் கடல்நீர் வழக்கத்துக்கு மேல் வெப்பமுறும் நிலையே எல் நினோ எனப்படுவது. பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் கடல் சூடேறினால் கூடலூரில் மழை குறையக்கூடும் என்பது வியப்பன்றோ!

அதே 2010இல் எட்வர்டு குக் முதலியோர், ஆசியா முழுவதிலும் 300க்கு மேற்பட்ட இடங்களின் மர வளையங்களைத் தொகுத்து ஒரு வறட்சி வரைபடத் தொகுதியை வெளியிட்டனர். அது சுட்டும் பெருவறட்சிகளுள் ஒன்று 1876 முதல் 1878 வரை நிலவியது. நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லிச் சொல்லி நடுங்கியது இதனையே. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர்; பிழைத்தவர் பலர் தோட்ட வேலை தேடி மலையேறினர், கடல் கடந்தும் சென்றனர். அத்தொகுதியில் 1756 முதல் 1768 வரை நீடித்த மற்றொரு வறட்சியும் காணப்படுகிறது. ஒரே ஆண்டு மழை தவறுவது வேறு. தொடர்ந்து பல ஆண்டுகள் தவறுவது வேறு. பின்னது நம் நினைவில் இல்லை என்பதால் வாராது என்று எண்ணுதல் பிழை.

இது விவசாயிக்கு மட்டும் உரிய எச்சரிக்கையன்று. தானிய விலை ஏறும் காலத்தில் குடும்பங்கள் முதலில் கைவிடுவது புதுத்துணியை. வயல் காய்ந்தால் அடுத்து நிற்பது தறியே.

நீலகிரிச் சதுப்பின் ஏடு

மரங்கள் சில நூற்றாண்டுகளின் கணக்கைத் தருகின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் கணக்கை மேல்நீலகிரியின் சதுப்பு நிலங்கள் வைத்துள்ளன. புல்வெளிக் குன்றுகளுக்கு இடையே சோலையை ஒட்டிய பள்ளங்களில் கறுத்த, பஞ்சு போன்ற மண்ணைக் கண்டிருப்பீர்கள். முற்றா நிலக்கரி என்று இதனைக் கூறுவர். நீர் தேங்கிக் காற்றுப் புகாமையாலும், குளிராலும், மடிந்த செடிகொடிகள் முற்றும் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து உண்டானது இது. அடியில் உள்ள அடுக்கு பழையது, மேலுள்ளது புதியது.

இம்மண்ணிலிருந்து மழையை அறிவது எங்ஙனம்? கரி என்னும் மூலப்பொருளில் எடை குறைந்த அணுவும் சற்று எடை கூடிய அணுவும் உண்டு. நூற்றில் ஏறக்குறைய ஒன்றே எடை கூடியது. நெல், கோதுமை, தேயிலை, சோலை மரங்கள் ஆகியவை காற்றிலிருந்து கரியை ஏற்கும்போது எடை கூடியதைப் பெரிதும் தவிர்க்கின்றன. கேழ்வரகு, சாமை, சோளம், கரும்பு, வறண்ட வெப்ப நிலப் புற்கள் ஆகியவை அவ்வளவாகத் தவிர்ப்பதில்லை. ஆகவே ஓர் அடுக்கில் எடை கூடிய கரி மிகுந்திருந்தால் அக்காலத்தில் வறட்சி தாங்கும் புல் ஓங்கியிருந்தது என்றும், குறைந்திருந்தால் ஈரமான காலத்துச் செடிகளும் மரங்களும் ஓங்கியிருந்தன என்றும் கொள்ளலாம். அடுக்கின் வயதை அறிய வேறொரு வகைக் கரி உதவுகிறது. அது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவது. எஞ்சியுள்ள அளவைக் கொண்டு காலத்தைக் கணிக்கின்றனர்.

பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தைச் சேர்ந்த ராமன் சுகுமார், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஆர். ரமேஷ் முதலியோர் நீலகிரிச் சதுப்பு மண்ணை இவ்வாறு ஆராய்ந்து, 1993இல் ‘நேச்சர்’ என்னும் உலகப் புகழ்பெற்ற விஞ்ஞான இதழில் வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் வரலாறு அதில் வெளிப்பட்டது. உலகின் வடபகுதியைப் பனி மூடியிருந்த காலத்தில் நம் மலைகளில் பருவமழை தளர்ந்து புல் ஓங்கியது. அன்று காற்றில் கரியமில வாயு குறைந்திருந்ததும் புல்லுக்குத் துணை செய்தது. பின்னர் பருவமழை வலுத்தது. ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன் மீண்டும் ஒரு நெடிய வறண்ட காலம் வந்தது. சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் குறுகியதொரு ஈரமான காலம் காணப்பட்டது. மழை என்றும் ஒரே சீராக இருந்ததில்லை என்பதற்கு நம் மலையே சாட்சி கூறுகிறது.

இவ்வேடுகளில் இல்லாதவை

எந்த ஏட்டுக்கும் எல்லை உண்டு. கேரளத் தேக்கு பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையையே பதிவு செய்கிறது. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளுக்கு அது பொருந்தும். குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளோ வடகிழக்குப் பருவமழையைப் பெரிதும் நம்பியவை. எல் நினோ ஆண்டுகளில் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடுதலாகவே பெய்கிறது. ஆகவே ஒரே மாவட்டத்தில் ஒரு சங்கத்துக்கு வறட்சியாகும் ஆண்டு மற்றொரு சங்கத்துக்கு வெள்ளமாகலாம்.

அன்றியும், ஒரு நாட்பெருமழையை மர வளையமோ சதுப்பு மண்ணோ தனித்துக் காட்டுவதில்லை. 2009 நவம்பர் 10ஆம் நாள் கேத்தியிலும், 2019 ஆகஸ்டு மாதம் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பதிவாயிற்று. அவற்றை நாம் அறிவது மழைமானி வைத்து அளந்தமையால் மட்டுமே.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவது, பழைய ஏட்டை அழிக்கலாகாது. காய்கறி பயிரிடும் பொருட்டுச் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடிப்பது நம் மலையில் பல இடங்களில் நடந்துள்ளது. வடித்து உழுத நிலத்தில் அடுக்குகள் கலந்துவிடும். காற்றுப் புகுந்து மண்ணும் மக்கிக் குறையும். பல ஆயிரம் ஆண்டுகளின் பதிவு சில பருவங்களில் மறைந்துபோம். நட்டம் ஆராய்ச்சியாளருக்கு மட்டுமன்று. மழைநீரை உறிஞ்சி வைத்துக் கோடையில் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுவது இச்சதுப்பே. அவ்வோடைகள் கூடித்தான் பவானியாறு பெருகுகிறது. அவ்வாற்றங்கரையில் ஜமக்காளம் நெய்யும் சகோதரர்களும் இந்நீரையே நம்பியுள்ளனர்.

இரண்டாவது, புதிய ஏட்டை நாமே எழுதவேண்டும். ஒவ்வொரு சங்கமும் ஒரு மழைமானியை மரநிழலும் சுவரும் மறைக்காத திறந்த இடத்தில் நிறுவலாம். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவைக் குறிக்கவேண்டும்; மழையில்லாத நாளில் பூஜ்யம் என்று எழுதுவது அவசியம். ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லிட்டர் நீராகும் என்பதை நினைவிற்கொண்டால், சிறிய எண்ணும் சிறியதன்று என விளங்கும். தேயிலைச் சங்கங்கள் அதே வரியில் அன்று கொள்முதல் செய்த பசுந்தேயிலையின் எடையையும், உறைபனி விழுந்ததா என்பதையும் குறிக்கலாம். நெசவாளர் சங்கங்கள் பாவுக்குக் கஞ்சியிட்டு உலர்த்த இயலாத நாட்களையும், குழித்தறியில் நீர் புகுந்த நாட்களையும் குறிக்கலாம். பத்தாண்டுகள் சென்றபின், எத்துணை மழைக்கு எத்துணை வருவாய் குறைந்தது என்பதை அவ்வேடே கூறும். தவணை நீட்டிப்புக் கோரும் அங்கத்தினருக்கும், அதனைப் பரிசீலிக்கும் நிர்வாகிகளுக்கும் அதனினும் சிறந்த ஆதாரம் வேறில்லை.

மூன்றாவது, சேமநிதியை ஓராண்டு வறட்சிக்கு மட்டும் போதுமானதாகக் கருதலாகாது. மழை அடுத்தடுத்துத் தவறும் ஆண்டுகள் உண்டு என்பதை மரங்கள் நமக்குக் காட்டியுள்ளன. நல்ல மழை பெய்து இலாபம் கிட்டிய ஆண்டில் பங்காதாயத்தைச் சற்றுக் குறைத்து நிதியைப் பெருக்கும் சங்கமே தொடர் வறட்சியைத் தாங்கி நிற்கும்.

நீலகிரி மாவட்டத்தின் முதுமலைக் காட்டில் 1988 முதல் 50 ஹெக்டேர் நிலப்பரப்பின் மரங்களை ஒவ்வொன்றாக அளந்து இந்திய அறிவியற் கழகத்தார் கணக்கு வைத்து வருகின்றனர். அவர்கள் அளப்பது காட்டை. நம் தோட்டத்தையும் தறியையும் அளக்கவேண்டியவர்கள் நாமே. ஒரு மழைமானி, ஒரு நோட்டுப் புத்தகம், தவறாமல் எழுதும் ஒரு கை, இம்மூன்றும் எந்தச் சிறிய சங்கத்துக்கும் இயலாதவை அல்ல. அடுத்த பருவமழைக்கு முன் அங்கத்தினர்கள் இதனைத் தத்தம் சங்கக் கூட்டங்களில் தீர்மானமாகக் கொண்டுவருவார்களாக.