தாராவி முதல் மாட்டுங்கா வரை: மும்பைத் தமிழர்கள் குறித்துப் பயணிகள் கொள்ளும் தவறான எண்ணங்கள்

மும்பை: மும்பைக்கு வரும் பயணிகள் இந்தியா நுழைவாயில், மெரைன் டிரைவ் ஆகியவற்றுடன் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளுக்கும் செல்கின்றனர். தாராவியைச் சுற்றிப் பார்க்க வழிகாட்டிகள் உள்ளனர். மாட்டுங்காவில் காலை உணவுக்கு வரிசையில் காத்திருக்க வேண்டியுள்ளது. எனினும், இப்பகுதிகளின் மக்களையும் உணவையும் பற்றிப் பயணிகளிடம் நிலவும் எண்ணங்கள் பல உண்மைக்குப் புறம்பானவை.

‘தாராவி வறுமையின் இருப்பிடம்’

‘ஆசியாவின் மிகப் பெரிய குடிசைப் பகுதி’ என்ற அடைமொழியும், 2008-இல் வெளியான ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ திரைப்படமும் இந்த எண்ணத்தை வலுப்படுத்தின. இடநெருக்கடியும் கழிப்பறை, குடிநீர்ப் பற்றாக்குறையும் அங்கு உண்மையே. ஆனால், ஏறத்தாழ 2.4 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் தோல் பொருள், மண்பாண்டம், ஆயத்த ஆடை, பழைய நெகிழி மறுசுழற்சி என ஆயிரக்கணக்கான சிறு தொழிற்கூடங்கள் இயங்குகின்றன. நகரின் பல பகுதிகளில் விடியற்காலையில் விற்கப்படும் இட்லியும், கடைகளுக்குச் செல்லும் முறுக்கும் தாராவித் தமிழர் வீடுகளில் தயாராகின்றன. ஒரே அறை பகலில் பட்டறையாகவும் இரவில் படுக்கையறையாகவும் பயன்படுகிறது.

‘தாராவி முழுவதும் தமிழர்களே’

தாராவியின் தொல்குடிகள் கோலி மீனவர்கள். கும்பார்வாடாவில் வாழும் குயவர்களின் முன்னோர் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து வந்தவர்கள். உத்தரப் பிரதேசம், பீகாரைச் சேர்ந்த தொழிலாளர்களும் பெருமளவில் உள்ளனர். தமிழர்களில் பலரது வேர் திருநெல்வேலி வட்டாரத்தில் உள்ளது. தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த தமிழ் முஸ்லிம்கள், ஆதிதிராவிடர், நாடார் எனப் பல சமூகத்தினர் அவர்களுள் அடங்குவர்.

‘மாட்டுங்கா உணவு மதராஸ் உணவு’

மாட்டுங்காவின் புகழ்பெற்ற உணவகங்கள் பலவும் கர்நாடகத்தின் உடுப்பி மரபைச் சேர்ந்தவை. 1940-இல் தொடங்கப்பட்ட ‘கஃபே மெட்ராஸ்’ உணவகத்தின் பெயரில்தான் மெட்ராஸ் உள்ளது. அதை நிறுவியவர் கன்னட நாட்டைச் சேர்ந்த காமத். ரயில் நிலையம் அருகே வாழையிலைச் சாப்பாடு வழங்கும் ராமா நாயக்கின் உடுப்பி உணவகம் 1942-இல் தொடங்கியது. உடுப்பிச் சாம்பாரில் வெல்லத்தின் இனிப்பு மெலிதாகத் தெரியும். புளிப்பும் காரமும் மேலோங்கும் நெல்லைக் குழம்பிலிருந்து அது வேறுபட்டது. தமிழர் அனைவரும் சைவ உணவினர் என்பதும் தவறு. தாராவித் தமிழர் வீடுகள் பலவற்றில் மீனும் இறைச்சியும் அன்றாட உணவே.

‘மும்பைத் தமிழர் அனைவரும் ஒரே நிலையினர்’

பிளேக் நோய்க்குப் பின் 1898-இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, மாட்டுங்காவைத் திட்டமிட்ட குடியிருப்பாக உருவாக்கியது. அலுவலகப் பணிகளுக்கு வந்த நடுத்தரக் குடும்பங்கள் அங்குக் குடியேறின. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் நிறுவப்பட்டது. செம்பூரிலோ, பிரிவினைக்குப் பின் வந்த சிந்தி அகதிகளின் குடியிருப்பும் தமிழ்க் குடும்பங்களும் அருகருகே அமைந்தன. சேடா நகர் முருகன் கோயிலுக்குச் செல்பவர், சற்றுத் தொலைவிலேயே சிந்தியரின் தால் பக்வானையும் உண்ணலாம். ‘மதராசி’ என்ற ஒற்றைச் சொல் இத்தகைய வேறுபாடுகளை மறைத்துவிடுகிறது. 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியர்களுக்கு எதிரான பரப்புரையில் பயன்பட்ட சொல் என்பதால், மூத்த தலைமுறையினர் பலருக்கு அது இன்றும் கசப்பானது.

ஏன் இது முக்கியம்?

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஒப்பந்தப்புள்ளியில் 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் முதலீட்டு உறுதியுடன் வெற்றி பெற்றது. திட்ட விதிகளின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசமாக வழங்கப்படும். பின்னர் வந்தோருக்கும் மேல்தளங்களில் வசிப்போருக்கும் வேறு பகுதிகளில் வீடுகள் ஒதுக்கப்படும். தாராவியை வெறும் குடிசைகளாகக் காண்போருக்கு இது வீட்டுப் பிரச்சினை மட்டுமே. வீட்டிலேயே மாவரைத்து, இட்லி அவித்து, விடியலில் விற்கச் செல்லும் குடும்பத்துக்கோ, இது தொழிலும் வாடிக்கையாளரும் நிலைக்குமா என்ற கேள்வி.

தாராவிக்குச் செல்லும் பயணிகள், அனுமதியின்றி எவரையும் படம் எடுக்காதிருப்பதும், சொந்த ஊரையும் தொழிலையும் அவர்களிடமே கேட்டறிவதும் நல்ல தொடக்கமாக அமையும்.