அன்னா விற்க மறுத்த பத்திரிகை

சில ஆண்டுகளுக்கு முன் அலுவலக வேலையாக நியூயார்க் போயிருந்தேன். ஒரு மாலை செகண்ட் அவென்யூவில் நடந்தபோது பழைய செங்கல் கட்டடம் ஒன்று என்னை நிறுத்தியது. முகப்பில் சுடுமண் ஆந்தைகள், புத்தகங்கள். வாசலுக்கு மேல் ஜெர்மன் எழுத்து. ‘இலவச நூலகமும் வாசிப்புக் கூடமும்’ என்று பொருளாம். இங்கே எதற்கு ஜெர்மன் என்று விசாரிக்கப்போய்த்தான் அன்னாவைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

1815இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில் பிறந்தவர் அன்னா. கணவர் ஜேக்கப் ஊல் அச்சுத் தொழிலாளி. ‘நியூயார்க்கர் ஸ்டாட்ஸ் சைட்டுங்’ என்ற சிறிய வார இதழை 1840களில் இருவரும் வாங்கினார்கள். அச்சுக் கோப்பதிலிருந்து நிர்வாகம் வரை அன்னா எல்லா வேலையும் பார்த்தார். 1852இல் கணவர் இறந்தார். கையில் ஆறு பிள்ளைகள், ஒரு பத்திரிகை. விலைக்குக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, தாமே நடத்தினார்.

1848 புரட்சி தோற்றபின் படித்த ஜெர்மானியர் பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். வியன்னா கிளர்ச்சியில் கலந்துகொண்ட ஆஸ்வால்ட் ஆட்டன்டார்ஃபர் அவர்களில் ஒருவர். இதே பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்து ஆசிரியரானார். 1859இல் அன்னாவை மணந்தார். செயின்ட் லூயிஸ் நகரின் ஜெர்மன் நாளிதழில்தான், ஹங்கேரியிலிருந்து வந்த ஜோசப் புலிட்சரும் 1868இல் நிருபராகத் தொடங்கினார். ஆமாம், பரிசுக்குப் பெயர் தந்த அதே புலிட்சர்!

நான் பார்த்த நூலகம் இந்தத் தம்பதியர் கட்டியது. 1884 டிசம்பரில் திறந்தபோது அன்னா இல்லை, ஏப்ரலிலேயே காலமாகிவிட்டார். புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தவர் ஆஸ்வால்ட். பாதி ஜெர்மன், பாதி ஆங்கிலம். ஜெர்மன் எழுத்தை விற்று வாழ்ந்தவர், அலமாரியில் பாதியை ஆங்கிலத்துக்குக் கொடுத்திருக்கிறார்! எங்கள் வீட்டில் தமிழ்ப் பத்திரிகையை அம்மா மட்டும்தான் வாசிக்கிறார். அதனாலோ என்னவோ, அந்தப் ‘பாதி’ என்னை விடவில்லை.

1890களில் அமெரிக்காவில் ஜெர்மன் பத்திரிகைகள் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. பிறகு புதிதாக வருவோர் குறைந்தனர். அங்கேயே பிறந்த பிள்ளைகள் ஆங்கிலம் வாசித்தார்கள். 1917இல், ஜெர்மனியுடன் போர் மூண்டதும், அரசையும் போரையும் பற்றி எழுதுவதை மொழிபெயர்த்து அஞ்சல் அதிகாரியிடம் தரவேண்டும் என்ற சட்டம் வந்தது. ஏற்கெனவே மெலிந்திருந்த பல பத்திரிகைகளால் அதைத் தாங்க முடியவில்லை. அன்னாவின் பத்திரிகை தப்பிப் பிழைத்தது.

உள்ளே போனேன். ஒரு தாய் தன் மகனுக்குப் படக்கதை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார், ஆங்கிலத்தில்.