வேலி அமைப்பதில் மின்னணு அளவுக் கருவிகள்



பண்ருட்டிப் பகுதியின் முந்திரி, பலாத் தோப்புகளானாலும், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதிகளின் வாய்க்கால் பாசன நிலங்களானாலும், ஆடுமாடுகளிடமிருந்தும் காட்டுப்பன்றிகளிடமிருந்தும் பயிரைக் காக்க வேலி இன்றியமையாதது. முன்பு வேலி ஒப்பந்தக்காரர் கயிற்றுடனோ நாடாவுடனோ வருவார். இன்று கைப்பேசியுடனும் லேசர் கருவியுடனும் வருகிறார். வரப்பை ஒரு சுற்று நடந்து வந்து, அங்கேயே செலவுக் கணக்கும் கூறிவிடுகிறார். இக்கருவிகளால் நேரமும் கூலியும் மிச்சமாகும் என்பது உண்மையே. ஆனால் எந்தக் கருவி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை அறியாமல் கல்கால் ஊன்றினால், வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும்.

பரப்பு வேறு, சுற்றளவு வேறு

வேலிக்கு ஆகும் செலவு நிலத்தின் பரப்பைப் பொறுத்ததன்று, சுற்றளவைப் பொறுத்தது. பட்டாவில் 0.40.50 எக்டர் என்று இருந்தால் அது 40.5 ஏர், அதாவது 4,050 சதுர மீட்டர். ஏறக்குறைய ஓர் ஏக்கர். இந்நிலம் 90 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் உடையதானால் சுற்றளவு 270 மீட்டர். அதே பரப்பு 135 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாக இருந்தால் சுற்றளவு 330 மீட்டர். மூன்று மீட்டருக்கு ஒரு கால் வீதம் 20 கால்களும், ஐந்து வரிசைக்கு 300 மீட்டர் முள்கம்பியும் கூடுதலாகத் தேவைப்படும். ஆகவே, "ஏக்கருக்கு இவ்வளவு" என்று மொத்தமாகப் பேசும் ஒப்பந்தத்தை ஏற்க வேண்டாம். மீட்டர் கணக்கிலேயே விலை பேசுங்கள்.

கைப்பேசி அளவு எவ்வளவு சரி?

கைப்பேசி, செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞைகளைக் கொண்டு தான் இருக்கும் இடத்தைக் கணிக்கிறது. திறந்த வெளியிலும்கூட இக்கணிப்பில் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிழை இருப்பது இயல்பு. அடர்ந்த தோப்பின் நிழலில் பிழை மேலும் கூடும். மேலும், நடக்கும்போது பதிவாகும் புள்ளிகள் இப்படியும் அப்படியும் விலகுவதால், நேர்வரப்பும் வளைந்து பதிவாகி, சுற்றளவு உள்ளதைவிட அதிகமாகக் காட்டக்கூடும்.

இப்பிழையின் விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 90 மீட்டர் நீளமுள்ள ஒரு பக்கத்தில் வேலி மூன்று மீட்டர் தள்ளி அமைந்தால் 270 சதுர மீட்டர், அதாவது ஆறரை சென்ட்டுக்கு மேற்பட்ட நிலம் இடம் மாறிவிடும். உள்ளே தள்ளினால் உங்களுக்கு நட்டம். வெளியே தள்ளினால் அண்டை நிலத்தாருடன் வழக்கு. எனவே கைப்பேசி அளவைத் தோராய மதிப்பீட்டிற்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதை வைத்து எல்லை குறிக்கலாகாது.

லேசர் கருவியும் உருளைச் சக்கரமும்

லேசர் கருவி சில மில்லிமீட்டர் பிழைக்குள் நேர்தூரத்தை அளந்துவிடும். ஆனால் கடும் வெயிலில் அதன் செம்புள்ளி கண்ணுக்குத் தெரியாது. காலையிலோ மாலையிலோ, எதிர்முனையில் ஒரு வெள்ளைப் பலகையை நிறுத்தி அளத்தல் வேண்டும். இடையில் செடி, கொடி குறுக்கிட்டால் அதுவரையுள்ள தூரத்தையே காட்டும். எண்காட்டியுடன் கூடிய உருளைச் சக்கரம் கெட்டித் தரைக்கு ஏற்றது. சேற்று வரப்பில் வழுக்கி அளவைக் குறைத்தும், மேடுபள்ளத்தில் ஏறி இறங்கி அளவைக் கூட்டியும் காட்டும்.

எக்கருவிக்கும் குறை உண்டு. 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தபோது, வெயிலில் சங்கிலி நீளுமே என்று வெப்பநிலையையும் உடன் குறித்துக் கணக்கைத் திருத்தினார். அந்த எச்சரிக்கை நமக்கும் வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் இருமுறை அளந்து, இரண்டும் ஒத்துவந்தால் மட்டுமே ஏற்றுக்கொள்ளுங்கள்.

எல்லைக்கு ஆதாரம் கல்லும் புலப்படமும்

கருவி தூரத்தைத்தான் கூறும். எல்லை எது என்று கூறாது. முதலில் புலப்படத்தின் நகலைப் பெற்று, அதிலுள்ள பக்க அளவுகளை உங்கள் அளவோடு ஒப்பிடுங்கள். பழைய ஆவணங்களில் அளவு லிங்க்கில் இருக்கலாம். 100 லிங்க் கொண்டது ஒரு சங்கிலி. அது 66 அடி, அதாவது 20.12 மீட்டர்.

எல்லைக் கல்லைக் காணவில்லையென்றால் மரத்தையோ வரப்பையோ நம்ப வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயலில் இம்மாவட்டத்து முந்திரி, பலா மரங்கள் பெருமளவில் சாய்ந்ததை நாம் அறிவோம். வரப்போ ஆண்டுதோறும் அண்டை கட்டுகையில் நகரக்கூடியது. முறைப்படி விண்ணப்பித்து, அரசு நில அளவரைக் கொண்டு அளந்து கல் நடச் செய்யுங்கள். அப்போது அண்டை நிலத்தாரும் உடன் இருத்தல் நலம். வாய்க்கால், வண்டிப்பாதைப் புறம்போக்கை வேலிக்குள் சேர்த்தல் கூடாது.

பொருள் கணக்கு

மேற்கூறிய 270 மீட்டர் நிலத்தில் கேட்டுக்கு 4 மீட்டர் விட்டால் வேலி நீளம் 266 மீட்டர்.

கால்கள்: மூன்று மீட்டருக்கு மிகாத 89 இடைவெளிகள்; ஆக 90 கால்கள்.

முட்டுக் கால்கள்: நான்கு மூலைகளுக்கும் இரண்டிரண்டு, கேட்டின் இருபுறமும் ஒவ்வொன்று, ஆக 10.

முள்கம்பி: ஐந்து வரிசைக்கு 1,330 மீட்டர். முடிச்சுக்கும் சேதாரத்திற்கும் நூற்றுக்கு ஐந்து சேர்த்து ஏறத்தாழ 1,400 மீட்டர்.

கம்பியை எடைக்கு விற்பார்கள். ஆதலால் 10 மீட்டர் துண்டை அளந்து வெட்டி எடை போடுங்கள். அந்த எடையை 140ஆல் பெருக்கினால் தேவையான கிலோ தெரிந்துவிடும். சரிவான நிலத்தில் கம்பி தரையின் சாய்வோடு செல்வதால் நீளம் சற்றுக் கூடும். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் நூற்றுக்கு அரை பங்கும், ஐந்துக்கு ஒன்று என்ற சரிவில் நூற்றுக்கு இரண்டு பங்கும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலித் தொழிலில் ஈடுபட்டுள்ள கிராமத்து இளைஞர்களும் இக்கணக்கை நிலத்துக்காரருக்கு முன்பே எழுதிக் காட்டினால், பின்னர் மனத்தாங்கலுக்கு இடமிராது. பக்க அளவுகள், கால்களின் எண்ணிக்கை, கம்பியின் எடை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, இரு தரப்பாரும் கையொப்பமிட்ட பின்னரே முன்பணம் கொடுங்கள். வேலை முடிந்ததும் அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மீண்டும் ஒருமுறை அளந்து சரிபார்த்துப் பணம் தீருங்கள். அத்தாளைப் பட்டாவுடன் பத்திரப்படுத்தினால், அடுத்த தலைமுறைக்கும் அது பயன்படும்.