மனையடி முதல் மாடி வரை – 17: கூடத்துத் தரை

சுவர்ப் பூச்சு முடிந்து, வயரிங் குழாய்கள் சுவருக்குள் போன இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் தரை. அதிலும் கூடத்துத் தரை மட்டும். குளியலறைக்கும் சமையலறைக்கும் தேவைகள் வேறு; அவற்றைத் தனியாகப் பார்ப்போம்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் முதலில் போட்டிருந்தது பால் வெள்ளையில், முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் டைல்ஸ். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் புகழ்ந்தார்கள். அந்த வருடம் தீபாவளி விடியற்காலையில், தலைக்கும் காலுக்கும் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கப் போன அம்மா, கூடத்தின் நடுவே வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. “தரை என்னடா பண்ணும், நான்தான் பாத்து நடந்திருக்கணும்” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண்ணெய்க் காலோடு ஒருவர் நடக்கப்போகிற இடத்தில் எந்தத் தரை போடுவது என்று யோசிக்காமல் வாங்கியவன் நான்.

தரையின் வழுக்கலை அளக்க ஜெர்மனியில் ஒரு சோதனை இருக்கிறது. டைல்ஸ் பதித்த ஒரு பலகையில் எண்ணெய் ஊற்றி, அதன்மேல் ஒருவரை நடக்கவிட்டு, பலகையின் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். கால் நழுவும் கோணத்தை வைத்து ஆர்9 முதல் ஆர்13 வரை தரம் தருவார்கள். எண் கூடினால் பிடிப்பு கூடும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் நல்ல கம்பெனி டைல்ஸ்களின் விவரப் புத்தகத்திலும் இந்த எண் இருக்கும். விற்பவர் தானாகச் சொல்ல மாட்டார். கேட்டால் எடுத்துக் காட்டுவார். ஈரம் வராத கூடத்துக்கு ஆர்9 போதும். வாசல் வழியாக மழைச் சாரல் உள்ளே வருகிற வீடு, முதியவர்கள் இருக்கிற வீடு என்றால் ஆர்10 கேட்டு வாங்குங்கள். ஆர்11-க்கு மேல் கூடத்துக்கு வேண்டாம்; அந்தச் சொரசொரப்பில் அழுக்கு ஏறிக்கொண்டு துடைப்பதே வேலையாகிவிடும்.

இனி வகைகள். ‘செராமிக்’, ‘விட்ரிஃபைடு’ என்று கடையில் சொல்லும்போது பலரும் தலையாட்டிவிட்டு விலையைக் கேட்கிறார்கள். வேறுபாடு தண்ணீரில் இருக்கிறது. விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது விதி. சுவருக்கான செராமிக் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேலேயே குடிக்கும். ஒரு வில்லையைத் திருப்பிப் போட்டு, முதுகில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சிக்கொண்டால் அது கூடத்துத் தரைக்கு ஆகாது.

விட்ரிஃபைடிலும் இரண்டு குடும்பங்கள் உண்டு. ‘டபுள் சார்ஜ்’ என்பதில் நிறக்கலவையே மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் அடுக்காக அழுத்தப்பட்டிருக்கும். தேய்ந்தாலும் நிறம் போகாது. ஆனால் டிசைன்கள் குறைவு. ‘ஜிவிடி’ என்பதில் மேலே கண்ணாடிப் பூச்சு. அதில் மரம், மார்பிள், கடப்பா என எதை வேண்டுமானாலும் இயந்திரத்தில் அச்சடிக்கலாம். இன்று கடைகளில் நீங்கள் பார்க்கும் அழகில் பெரும்பங்கு இதுதான். இந்தியாவில் தயாராகும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பி நகரத்தைச் சுற்றியுள்ள ஆலைகளிலிருந்து வருகிறது. அதனால் பெட்டியின் மேல் பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே ஊர்ச் சரக்குதான். பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் தரத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வில்லைகளை முகத்தோடு முகம் சேர்த்து வைத்துப் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் வில்லை வளைந்திருக்கிறது. பளபளப்பான டபுள் சார்ஜ் என்றால் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஈரத் துணியால் துடையுங்கள். மெருகேற்றும்போது திறந்துகொண்ட நுண்துளைகளைச் சரியாக அடைக்காத டைல்ஸில் அந்தக் கோடு போகாது. நாளைக்குச் சாம்பாரும் மஞ்சளும் அங்கேதான் தங்கும். மார்பிள் டிசைன் பிடித்திருந்தால் இன்னொரு கேள்வி: “இதுல எத்தனை ரேண்டம் வருது?” ஒரே அச்சு திரும்பத் திரும்ப வந்தால், கூடம் முழுக்க ஒரே நரம்பு ஒரே இடத்தில் ஓடும்; உட்கார்ந்து பார்க்கும்போதெல்லாம் கண்ணை உறுத்தும்.

பளபளப்பான பூச்சுக்கு எதிரி மணல். மணலில் இருக்கும் குவார்ட்ஸ், கடினத்தில் பெரும்பாலான கண்ணாடிப் பூச்சுகளைவிட மேலானது. செருப்பை வாசலில் விடும் நம் வழக்கம் தரைக்குச் செய்யும் உபகாரம் பெரியது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குமிழ் போடுவதும், நிலைப்படியில் நல்ல மிதியடி ஒன்று போடுவதும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

நிறத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. ஏனென்றால் அதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். கடையில் டைல்ஸ் சுவரில் நிமிர்ந்து நிற்கிறது, மேலிருந்து ஸ்பாட் லைட் அடிக்கிறது. வீட்டிலோ அது படுத்துக் கிடக்கப்போகிறது. பகலில் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும், இரவில் நீலம் கலந்த வெள்ளை எல்இடி. ஒரே பீஜ் நிறம் கடையில் சந்தனமாகவும் வீட்டில் சாம்பலாகவும் தெரியும். அதனால் பிடித்த இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு வில்லையைக் காசு கொடுத்தாவது வாங்கி வந்து கூடத்தில் தரையோடு தரையாகப் போட்டுவையுங்கள். காலை, மதியம், விளக்கு வைத்த பின் என மூன்று வேளையும் பாருங்கள். இரண்டு நாள் அப்படியே கிடக்கட்டும். அதன்மேல் விழுகிற தூசியும் முடியும் கால்தடமும் உங்களுக்குப் பதில் சொல்லிவிடும்.

வெள்ளைத் தரையில் உதிர்ந்த ஒரு முடியும் தெரியும். கறுப்புத் தரையில் தூசி தெரியும். அதைவிட, போர் தண்ணீர் புழங்கும் ஊர்களில் துடைத்துக் காய்ந்ததும் உப்பு வெள்ளைத் திட்டாக நிற்கும். எங்கள் தெருவில் அடர் கறுப்பில் பளபளப்பு டைல்ஸ் போட்ட வீட்டுக்காரம்மா, ஒவ்வொரு முறையும் ஈரத் துணிக்குப் பின் காய்ந்த துணியாலும் துடைக்கிறார். ஒரே நிறமாக இல்லாமல் லேசாகத் திட்டுத் திட்டாக இருக்கும் இளம் சாம்பல், மணல் நிறம், தேக்கின் இளநிறம் இவையே நம் வெயிலுக்கும் புழுதிக்கும் தாங்கும். என் தீர்ப்பு இது: கூடத்துக்கு மேட் அல்லது சாட்டின் பினிஷ்தான்.

அளவு? 12க்கு 16 அடிக் கூடத்துக்கு 2க்கு 4 அடி டைல்ஸ் நன்றாக இருக்கும். கோடுகள் குறைந்து இடம் பெரிதாகத் தெரியும். அதைவிடச் சிறிய கூடத்துக்கு 2க்கு 2 போதும், கட்டிங்கில் வீணாவதும் குறையும். நீள வில்லைகளைச் செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றிப் போட ஆசைப்பட்டால், பாதிக்குப் பாதி மாற்றாதீர்கள். நீண்ட வில்லையின் நடு கொஞ்சம் உயர்ந்தே இருக்கும். பக்கத்து வில்லையின் தாழ்ந்த முனை அந்த நடுவோடு சேர்ந்தால் காலில் தட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நகர்த்த வேண்டாம்.

கணக்கு போடுவோம். 12க்கு 16 என்றால் 192 சதுர அடி. சுவரோரம் 4 அங்குல ஸ்கர்ட்டிங்குக்கு, கதவுகளைக் கழித்து, ஏறத்தாழ 16. ஆக 208. சேதாரத்துக்கு 8 சதவீதம் சேர்த்தால் 225. ஒரு பெட்டியில் 15.5 சதுர அடி வரும். 15 பெட்டி வாங்க வேண்டும். அதற்கு மேல் ஒரு பெட்டியை வாங்கிப் பரணில் போடுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் பேட்ச் எண்ணும் ஷேடு எண்ணும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். வேறு பேட்ச் வந்தால் நிறம் நூலிழை மாறும். பதித்த பிறகுதான் தெரியும்.

அம்மாவின் கட்டு பிரித்த பிறகு பழைய தரையை உடைத்தோம். பழையதன் மேலேயே ஒட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மட்டம் அரை அங்குலத்துக்கு மேல் ஏறும், எல்லாக் கதவையும் அடியில் அறுக்க வேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். உடைக்கும்போதுதான் இரண்டாவது குறை தெரிந்தது. பல வில்லைகள் முழுசாக, கலவையே ஒட்டாமல், பிஸ்கட்போல் கையோடு வந்தன. “பாத்தீங்களா சார், நாலு மூலையில உருண்டை வெச்சு உக்கார வெச்சிருக்காங்க. நடுவுல வெறும் காத்து” என்றார் மேஸ்திரி. தண்ணீர் குடிக்காத டைல்ஸ் சிமெண்ட் பாலையும் குடிக்காது. பழைய செராமிக்கைப் பிடித்துக்கொண்டதுபோல் சிமெண்ட் இதைப் பிடிக்காது. அதனால்தான் டைல்ஸ் பசை வந்தது. தரையை முதலில் மட்டம் பண்ணிக் காயவிட்டு, பல் கரண்டியால் பசையைக் கோடு கோடாக இழுத்து, வில்லையை வைத்து ரப்பர் சுத்தியால் தட்டி, அடியில் காற்றே இல்லாமல் உட்கார வைக்க வேண்டும். செலவு கூடும்தான். பாதித் தரை பெயர்ந்து திரும்பப் போடும் செலவைவிடக் குறைவு.

இன்னொன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். “ஜாயிண்டே தெரியாம ஒட்டிப் போட்டுடறேன்” என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். கோடை வெயிலில் தரை விரியும்போது போக இடமில்லாமல் ஒன்றையொன்று நெட்டி, கூரைபோல் இரண்டு வில்லை எழும்பிவிடும். வெடிச் சத்தத்தோடு எழும்பிய வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். குறைந்தது 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைக்கச் சொல்லுங்கள். சுவரோரத்தில் கால் அங்குலம் விடச் சொல்லுங்கள். ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். இடைவெளியை எபாக்ஸி கிரவுட்டால் நிரப்பினால் கறை ஏறாது. முதல் வரிசையை வாசலிலிருந்து முழு வில்லையாகத் தொடங்கி, வெட்டுத் துண்டுகள் சோபாவுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் போகும்படி காகிதத்தில் வரைந்து மேஸ்திரி கையில் கொடுங்கள். வேலை முடிந்து நாலு நாள் கழித்து ஒரு நாணயத்தால் ஒவ்வொரு வில்லையையும் தட்டிப் பாருங்கள். டொக்கென்று கூடு சத்தம் வந்தால் மிச்சக் கூலியைக் கொடுக்கும் முன்பே மாற்றச் சொல்லுங்கள்.

ஆத்தங்குடி டைல்ஸ் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். காரைக்குடி பக்கத்தில், கண்ணாடித் தகட்டின் மேல் சாய சிமெண்டைக் கையால் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. சூளையே கிடையாது. அந்த வழவழப்பு கண்ணாடியிலிருந்து வருவது. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகு கூடும். ஆனால் அது சிமெண்ட். எலுமிச்சையும் தயிரும் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும், ஆசிட் ஒரு சொட்டும் படக் கூடாது. பதிக்கவும் அதற்கென்று பழகிய கைதான் வேண்டும். அந்தப் பராமரிப்புக்கு வீட்டில் மனம் இருந்தால் அதைவிட அழகான கூடம் கிடையாது.

எங்கள் கூடத்தில் இப்போது இருப்பது மணல் நிறத்தில் 2க்கு 2 மேட் டைல்ஸ், ஆர்10. யாரும் குனிந்து பார்ப்பதில்லை. போன தீபாவளிக்கும் அம்மா எண்ணெய்க் காலோடு அதன்மேல்தான் நடந்து போனார்.

டைல்ஸ் வாங்கக் கடைக்குப் போகும்போது வீட்டில் வயதில் மூத்தவரை அவசியம் அழைத்துப் போங்கள். கையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றச் சொல்லி, மாதிரித் தரையின் மேல் நாலு எட்டு நடக்கச் சொல்லுங்கள். அவர் காலுக்குப் பயம் தருகிற தரையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

(தொடரும்)