திரை அமைதியாக இருந்தால் ஆபத்து இல்லை என்று அர்த்தமா?

2004 டிசம்பர் 26. மலேசிய நேரப்படி காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு சுமத்ராவை ஒட்டிய கடலடியில் நிலம் அதிர்ந்தது. ஆழிப்பேரலை பினாங்குக் கரையைத் தாக்கியபோது மதியம் ஒரு மணி தாண்டிவிட்டது. இடையில் சுமார் நான்கு மணி நேரம் இருந்தும் எச்சரிக்க வழியில்லை. நாட்டில் பலியான 68 பேரில் 52 பேர் பினாங்கில் மாண்டவர்கள். அதன் பிறகே ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு இங்கு உருவானது.

கடலில் உள்ள கருவி அளந்தால் மட்டும் போதுமா? அந்த அளவு சர்வருக்குப் போய், அங்கிருந்து அதிகாரியின் கணினித் திரைக்கு உடனே வர வேண்டும் அல்லவா?

ஓர் உதாரணம் பார்ப்போம். டத்தோ கிராமாட் வீட்டில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கோலாலம்பூரில் இருக்கும் மகன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தங்கைக்குப் போன் போட்டு விசாரிக்கலாம். ஆனால் இரண்டு அழைப்புகளுக்கு நடுவே நடப்பது அவருக்குத் தெரியாது. போனை வைக்காமல் லைனிலேயே இருந்தால், ஏதாவது நடந்த அந்த நொடியே தங்கை சொல்லிவிடுவார். சர்வருக்கும் திரைக்கும் இடையில் இப்படித் திறந்தே இருக்கும் தொடர்புதான் நிலையான இணைப்பு. 2011-இல் தரப்படுத்தப்பட்ட 'வெப்சாக்கெட்' அதில் ஒரு வகை.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. நீண்ட நேரம் பேச்சில்லாத இணைப்பை நடுவழிக் கருவிகள் சத்தமில்லாமல் துண்டித்துவிடுவது உண்டு. திரையில் பழைய எண்கள் அப்படியே நிற்கும். பார்ப்பவரோ, 'எல்லாம் அமைதி' என்று நம்பியிருப்பார்.

இதற்கு மருந்து எளிது. "தங்கச்சி, லைன்ல இருக்கியா?" "இருக்கேண்ணே." இதே கேள்வி பதிலை, 'பிங்', 'பாங்' என்ற பெயரில், கணினிகளும் சில நொடிகளுக்கு ஒருமுறை பரிமாறிக்கொள்ளலாம். பதில் வராவிட்டால் திரை நிறம் மாறி எச்சரிக்க வேண்டும். இணைப்பு தானே மீண்டும் முயல வேண்டும். கிடைத்ததும், விடுபட்ட தகவல்களை முதலில் கேட்டு வாங்க வேண்டும்.

மருத்துவமனையோ அணைக்கட்டோ கடைக் கேமராவோ, எந்தத் திரையைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: கடைசித் தகவல் எத்தனை மணிக்கு வந்தது? அந்த நேரம் திரையிலேயே தெரிய வேண்டும். தெரியாத திரையை நம்பி உயிர்களை ஒப்படைக்க முடியாது.