காலத்துக்கேற்ற உணவு: கமக்காரர் கவனத்திற்கு

நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் குடும்பங்களிலேயே போசாக்குக் குறைவு காணப்படுவது வியப்புக்குரியதெனினும் உண்மையாகும். காலையிற் பறித்த கத்தரியும் பயிற்றையும் சாக்கிற் கட்டப்பட்டுச் சந்தைக்குச் செல்கின்றன. மாலையில் அதே வீட்டுச் சட்டியில், மலைநாட்டிலிருந்து பல நாட் பயணஞ் செய்து வாடிய கோவாவும் கரட்டும் வேகின்றன. விற்றபோது கிடைத்தது தோட்ட விலை. வாங்கும்போது கொடுப்பதோ கடை விலை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் கமக்காரனின் கையிலிருந்தே போகின்றது.

எமது நாட்டில் மரக்கறியிலும் பழத்திலும் 30 முதல் 40 வீதம் வரை அறுவடைக்குப் பின் வீணாவதாகக் கணிக்கப்பட்டுள்ளது. சாக்கில் அடைத்து நெரித்தல், வெயிலில் வைத்தல், பலமுறை ஏற்றி இறக்குதல் என்பன இதற்குக் காரணங்களாம். வழி நீள நீளச் சேதமும் மிகும். ஆகவே, அந்தந்தக் காலத்தில் அயலில் விளைவதை வாங்கி உண்பது குடும்பத்துக்கும் ஊருக்கும் நன்மை பயப்பதாகும்.

2022 ஆம் ஆண்டில் இதன் பெறுமதியை யாவரும் உணர்ந்தனர். அந்நியச் செலாவணி அருகி, எரிபொருளின்றி லொறிகள் நின்றன. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக உயர்ந்தது. அக்காலத்தில் வளவில் முருங்கையும் மரவள்ளியும் பலாவும் நின்ற வீடுகள் ஓரளவாவது தாக்குப்பிடித்தன.

மாரிகாலம்

ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை பெய்யும். வயலிற் காலபோக நெல் நிற்கும்; மேட்டுநில மரக்கறி மழையில் அழுகி, விலை ஏறும். இக்காலத்துக்கு முன்கூட்டியே ஆயத்தஞ் செய்தல் வேண்டும். காம்புடன் அறுத்து, காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் வைத்த முற்றிய பூசணி இரண்டு மூன்று மாதம் பழுதுறாது. வேனிலில் உலர்த்திய பாகல் வற்றலும் கத்தரி வற்றலும் மோர்மிளகாயும் இப்போது உதவும். வல்லாரை, பொன்னாங்காணி போன்ற கீரைகள் மழையிற் செழித்து வளரும். இவற்றை விலை கொடுத்து வாங்கவும் வேண்டியதில்லை.

அறுவடைக் காலம்

தை தொடக்கம் பங்குனி வரை புதுநெல் வரும். பணத் தேவைக்காக முழுவதையும் களத்திலேயே விற்றுவிட்டு, பின்னர் கடை அரிசி வாங்குதல் தகாது. வீட்டுக்கு வேண்டிய அளவை முதலிற் பிரித்து, ஈரம் 14 வீதத்துக்கு மேற்படாதவாறு உலர்த்திச் சேமித்தல் வேண்டும். மிகத் தீட்டிய வெள்ளையரிசியில் தவிட்டுடன் உயிர்ச்சத்து பி1 நீங்கிவிடும். நெல்லைப் புழுக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் ஊறுவதால், குறையத் தீட்டிய புழுங்கலரிசியே சிறந்ததாகும். பனங்கிழங்கு கிடைப்பதும் இக்காலத்திலேயாம். அவித்து உண்டது போக எஞ்சியதை ஒடியலாகவும் புழுக்கொடியலாகவும் உலர்த்தலாம். வடபகுதிக் கிணற்றுப் பாசன நிலங்களில் தக்காளியும் கத்தரியும் மலிவதும் இப்பருவத்திலேயே.

வேனிலும் சிறுபோகமும்

சித்திரைக்குப் பின் மாவும் பலாவும் நுங்கும் வரும்; அவற்றைத் தொடர்ந்து பனம்பழம் விழும். பலாக்காய் சோற்றுக்கு ஈடானது. பலாக்கொட்டையை உலர்ந்த மணலிற் புதைத்து வைத்துப் பல வாரங்களின் பின்னும் சமைக்கலாம். பனம்பழக் களியைப் பாயிற் பரப்பி வெயிலில் உலர்த்திப் பனாட்டாக்கினால், அது அடுத்த மாரி வரை இருக்கும். குளத்து நீர் போதாத வயலிற் சிறுபோகத்தில் நெல்லுக்குப் பதிலாகப் பயறு, கௌபி, எள்ளு முதலியவற்றை விதைப்பின், விற்பனையோடு வீட்டுக்குப் புரதமும் கிடைக்கும்.

நல்லதைத் தெரிந்தெடுத்தல்

வெண்டிக்காயின் நுனி ஒடித்தால் முறிய வேண்டும். வளையுமாயின் அது முற்றியதாகும். கத்தரிக்காயின் தோல் மினுங்கவும், காம்பு பச்சையாகவும் இருத்தல் வேண்டும். பயிற்றையில் விதை புடைக்கும் முன்னரே பறித்தல் நன்று. மரவள்ளிக் கிழங்கு கிண்டி இரண்டு மூன்று நாளிற் கெட்டுவிடும். ஆதலின் அன்றன்று வேண்டிய அளவே கிண்டி, தோலுரித்து, மூடாத பானையில் நன்றாக அவித்தல் வேண்டும். நீலமோடிய கிழங்கை நீக்குக.

கீரையை முதலிற் கழுவிப் பின்னரே அரிதல் வேண்டும். அரிந்தபின் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். நெடுநேரம் வேகவைத்தலும் தீது. இறக்கியபின் சிறிது தேசிக்காய்ப் புளி விட்டால், கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதற்கு அது துணைசெய்யும்.

வளவில் ஒரு சிறு பாத்தி

சந்தைக்கெனச் செய்யும் தோட்டம் ஒரே நாளில் நடப்பட்டு, ஒரே வாரத்திற் காய்த்து, விலையை வீழ்த்துகின்றது. வீட்டுப் பாத்தியை அவ்வாறு செய்தலாகாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வரிசை வெண்டியும் பயிற்றையும் ஊன்றுக. முளைக்கீரை விதைத்து ஏறக்குறைய நான்கு வாரத்திற் பிடுங்கலாம். வேலியில் முருங்கையும் அகத்தியும், கிணற்றடியில் வாழையும் நிற்கட்டும். அடுக்களைக் கழிவுநீர் வாழைக்குப் போதும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. நாசினி தெளித்த பயிரை, அதன் புட்டியிற் குறிக்கப்பட்ட நாட்கள் கழியுமுன் பறித்தல் கூடாது. விற்பதற்கொரு முறை, வீட்டுக்கொரு முறை என்பது முறையன்று. தம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்கும் காயை அயலாரின் பிள்ளைக்கு விற்பது தகுமா என்பதைக் கமக்காரர் சிந்திப்பாராக. ஊரார் நம்பி வாங்கும் தோட்டத்துக்கு விலையும் நிலைத்திருக்கும்.

முதற் பறிப்பில் ஒரு கூடையை வீட்டுக்கு ஒதுக்குதல், இல்லாததை அயற் கமக்காரரிடம் வாங்குதல், மிகுந்ததை உலர்த்தி வைத்தல் ஆகிய மூன்றையும் இவ்வருடமே வழக்கமாக்கிக் கொள்க. தங்கள் நிலத்துக்கு ஏற்ற இனங்களையும் விதைக்கும் காலத்தையும் அறிய, அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறலாம்.